சாமி போன வழி

அன்புள்ள டீச்சர்,

இன்று காலை பக்கத்து வீட்டில் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டினார்கள். சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து அதைத் தூக்கி வந்து சில நாள்தான் ஆகிறது. வெந்நீரில் டெட்டால் விட்டிருப்பார்கள் போலிருக்கிறது. மூடுபனியோடு கலந்து அந்த வாசனை என் ஜன்னலுக்குள் வந்தது. மாத்திரை போட எடுத்த தண்ணீரைக் கீழே வைத்துவிட்டேன். குழந்தை வீரிட்டு அழுதது. பிறகு சட்டென்று நின்றது. அழுதவரைக்கும் ஒன்றுமில்லை, நின்றதும்தான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு போய் எட்டிப் பார்த்தேன். பால் குடித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க டீச்சர், இந்தக் குளுருல இப்பிடி வேர்த்திருக்குது?" என்று அந்தப் பெண் கேட்டாள். மாத்திரையால் இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வாசனை உங்களுடையது, டீச்சர். எனக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. ஆனாலும் பச்சைக் குழந்தையும் டெட்டாலும் சேர்ந்து வந்தால், தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட் டிஸ்பென்சரியின் அந்த அறையில்தான் இன்றைக்கும் போய் நிற்கிறேன்.

அத்தனை வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீங்கள் எனக்கு டீச்சர், நான் உங்களுக்கு டீச்சர். நான் தமிழ், நீங்கள் கணக்கு. வாசலில் யாராவது "டீச்சர்" என்றால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம். "உங்களைத்தானுங்க, எனக்கு இப்ப பீரியடு இல்ல" என்று நீங்கள் தள்ளிவிடுவீர்கள். இந்தக் கடிதத்திலும் அப்படியே கூப்பிடுகிறேன். கேட்டால் இந்த முறை நீங்கள்தான் திரும்ப வேண்டும்.

அந்த ஐப்பசி மழையை நீங்கள் என்னிடம் அதிகம் பேசியதில்லை. நான் பார்த்ததையும் அப்புறம் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன். உங்களுக்கு மாதம் நிறைவதற்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுபோயிருந்தது. டிஸ்பென்சரி நர்ஸ் சேலத்தில் மாட்டிக்கொண்டார். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த உங்கள் வீட்டுக்காரர், மாதா கோவில் சாமியாரையாவது கூட்டி வருவோம் என்று மழையில் ஓடினார். அறையில் உங்களோடு இருந்தது ஆயா மைமூனம்மா மட்டும்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்தாரே பாய், அவருடைய மனைவி. பிள்ளை ஆண். பிறந்தபோதே மூச்சுக்குத் திணறியது. சாயங்காலம் வரை கூடத் தாங்கவில்லை. நீங்கள் நினைவில்லாமல் கிடந்தீர்கள்.

நான் மறுநாள் காலை நடந்து வந்து சேர்ந்தேன். அப்போதுதான் அந்த வாசனை. பெரிய சாமியாரும் நனைந்துபோன அங்கியோடு அதே நேரத்தில் வந்தார். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "புள்ளைக்கு ஞானஸ்நானம் ஆச்சா?"

அந்தக் காலத்தில் அந்தக் கேள்விக்கு என்ன கனம் என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் புரியாது. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியேதான் புதைப்பார்கள், முள்வேலி ஓரமாக. அதற்குப் பூசையும் கிடையாது. அந்தப் பிள்ளையின் ஆன்மா மோட்சத்துக்குப் போனதா இல்லையா என்று கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

"ஆச்சுங்க சாமி, நாந்தான் தண்ணி ஊத்துனேன்" என்று மைமூனம்மா சொன்னார். கூடியிருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். ஆனால் அதில் திகைக்க ஒன்றுமில்லை. முன்பு இருந்த கிறிஸ்தவ நர்சம்மா ஒருவர் அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பிள்ளை பிழைக்காது என்று தெரிந்து, சாமியாரும் கிடைக்காவிட்டால், யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். சொல்பவர் கிறிஸ்தவராகக் கூட இருக்க வேண்டியதில்லை. நம் திருச்சபையின் சட்டமே அதுதான். எத்தனையோ விஷயத்தில் இறுக்கமான சட்டம், இந்த ஒன்றில் கதவை அகலத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் ஒரே ஒரு நிபந்தனை: வார்த்தை சரியாக இருக்க வேண்டும்.

அதனால் சாமியார் மைமூனம்மாவை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி விசாரித்தார். சாமியாருக்குக் காது மந்தம். பாவசங்கீர்த்தனம் செய்யப் போனால் நம் பாவத்தைக் கத்திச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே பாதி ஊர் சேலத்துக்கு பஸ் ஏறும். காது மந்தமானவர்கள் பேசுவதும் சத்தமாகத்தானே இருக்கும்! அவர் கேட்டதெல்லாம் வராந்தாவில் எங்களுக்குக் கேட்டது. மைமூனம்மாவின் பதில் கேட்கவில்லை.

"என்ன சொல்லி ஊத்துன தாயே?"

ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னொரு தரம் சொல்லு."

நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "சரியாத்தான் சொல்லியிருக்க. புள்ளைக்கு என்ன பேரு வெச்ச?"

கதவு திறந்தது. மைமூனம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தார். "பேரு வெக்க நேரமில்லீங்க. சாமின்னு கூப்புட்டேனுங்க. எல்லாப் புள்ளையும் அப்பிடித்தான கூப்புடுவோம்" என்றார்.

அதுவே அவன் பெயராகிவிட்டது. சாமியைச் சுவருக்கு உள்ளே, வேப்பமரத்துக்குக் கீழே புதைத்தார்கள்.

சில வருஷம் கழித்துதான் நீங்கள் மைமூனம்மாவிடம் அதைக் கேட்டீர்கள். அவர்கள் கடைக்குச் சாமான் வாங்கப் போயிருந்தோம். சாமிக்குப் பிறகு உங்களுக்குப் பிள்ளை நிற்கவே இல்லை என்பதால் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. நீங்களாகத்தான் எடுத்தீர்கள். "எம் புள்ள காதுல விழுந்த கடைசி வார்த்த அது. நான் கேக்கவே இல்லீங்களே மைமூனம்மா, என்ன சொன்னீங்க?"

அவருக்கு ஒரே பெருமை. கையைத் துடைத்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னார்: "சாமி, பிதா, சுதன், பிரிச்சுச் சேர்த்து பேருல உனக்கு ஞானஸ்தானம் குடுக்கறேன்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன்.

தூய ஆவி என்று இப்போது சொல்கிறோமே, அதை நம் பெரியவர்கள் இஸ்பிரீத்து சாந்து என்றார்கள். கப்பலில் வந்த சாமிமார்கள் கொண்டுவந்த சொல். நமக்கே அதற்கு அர்த்தம் தெரியாமல்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த நர்சம்மா வேகமாகச் சொல்லிக்கொடுத்திருப்பார். மைமூனம்மாவின் காதில் அது தமிழாகவே விழுந்திருக்கிறது. பிரிச்சு, சேர்த்து. உயிரைப் பிரித்து, உன்னோடு சேர்த்துக்கொள் என்று ஆண்டவரிடம் சொல்வதாக அவர் அர்த்தமும் செய்து வைத்திருந்தார். "நொம்ப நல்ல வார்த்தைங்க அது" என்று நம்மிடமே மெச்சிக்கொண்டார்.

அவரிடம் நாம் ஒன்றும் சொல்லவில்லை. வழியில்தான் நீங்கள் சொன்னீர்கள், "விடை தப்புங்களே டீச்சர்."

நான் எனக்குத் தெரிந்த முறையில் சமாதானம் சொன்னேன். ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை "மளை பெய்தது" என்று எழுதுகிறது, எந்த மழை என்று எனக்குத் தெரியாதா, ஆண்டவருக்கு ஒரு தமிழ் டீச்சருக்கு இருக்கிற அறிவாவது இருக்காதா என்றேன்.

"உங்க பாடத்துல அர மார்க் கொறச்சுட்டு உட்ருவீங்க. இது என் பாடம் மாதிரிங்க. ஒரு குறி மாறுனா மொத்தமும் மாறிடும்" என்றீர்கள். கொஞ்ச தூரம் நடந்து, "பெரிய சாமியாருக்கு அது காதுல உழுந்துச்சா, உழுவலையா? தெரிஞ்சே சரின்னாரா?" என்று கேட்டீர்கள்.

அவரைக் கேட்க வழியில்லை. அதற்குள் மாற்றலாகிப் போய், போன இடத்தில் இறந்தும்விட்டார். இரண்டு தரம் கேட்டாரே, இரண்டாவது தரம் கேட்டது காது கேட்காததாலா, கேட்டதாலா? இந்தக் கேள்வி உங்களோடு பள்ளிக்கூடம் வந்தது, உங்களோடு திரும்பிப் போனது. பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நிற்கும்போது திடீரென்று என் பக்கத்தில் வந்து, "கேட்டுருக்கும்ல டீச்சர்?" என்பீர்கள். நான் "கேட்டுருக்கும்" என்பேன். எதைப் பற்றி என்று சொல்லிக்கொள்ள வேண்டியதே இல்லை.

பிறகு ஒரு பங்குச் சாமியார் வந்தார். படித்தவர், நேர்மையானவர். பெற்றோருக்கும் டீச்சர்களுக்கும் நடந்த ஒரு வகுப்பில் ஞானஸ்நானத்தைப் பற்றி, இப்போது திருமுழுக்கு என்கிறோமே, அதைப் பற்றி விளக்கினார். பூட்டுக்குச் சாவி எப்படியோ அப்படித்தான் அந்த வார்த்தைகள் என்றார். ஒரு பல் தேய்ந்தாலும் திறக்காது. திருச்சபை கொடுத்ததை மாற்ற யாருக்கும் அதிகாரமில்லை, மாற்றிச் சொன்னால் அது செல்லாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். 

வகுப்பு முடிந்ததும் அவரிடம் போய் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னீர்கள். அவர் உங்களைக் காயப்படுத்த நினைக்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார். "செல்லும்னு நான் சொன்னா அது பொய்யாயிடுங்கம்மா. செல்லாதுன்னு சொல்லவும் மனசு வரல. கடவுளோட எரக்கத்துல உட்ருங்க" என்றார்.

இதில் என்ன தப்பு என்று நான் கேட்டேன். "ஊட்டுக்கு வரவேண்டிய பஸ் வரல, புள்ள அதுல இருக்குது. டிப்போவுல கேட்டா, வரும் வரும்னு மட்டும் சொன்னா பெத்தவளுக்குப் போதுங்களா?" என்றீர்கள். உதாரணம் சொல்வது என் வழக்கம். அன்றைக்கு உங்களிடம் தோற்றேன்.

உங்கள் வீட்டுக்காரர் காலமாகிச் சில வாரம் கழித்து வெள்ளக்கடை சபையிலிருந்து பாஸ்டர் துக்கம் விசாரிக்க வந்தார். தகரக் கூரை போட்ட சிறிய ஜெபவீடு அவர்களுடையது. பேச்சுவாக்கில் சாமியைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த மனிதர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லையாம். "அறியாப் புள்ளைக்குத் தண்ணியே வேண்டாங்க சிஸ்டர். பாவம்னா என்னன்னே தெரியாத உசுரு. நேரா கர்த்தர் மடியில இருக்கறான்."

மறுநாள் வகுப்புக்குப் போகிற வழியில் சாக்பீஸும் கையுமாக என்னிடம் அதைச் சொன்னீர்கள். முகம் தெளிந்திருந்தது. "நான் தூங்குனேன் டீச்சர்" என்றீர்கள். நீங்கள் பாட்டுக்காகப் போனீர்கள், சுகம் கிடைக்கும் என்று போனீர்கள், யாரோ மயக்கிவிட்டார்கள் என்றெல்லாம் நம் பங்குக் கோவிலில் பேசினார்கள். எனக்குத் தெரியும். சாமிக்கு அங்கே இடம் இருந்தது, அதனால் போனீர்கள்.

அதற்குப் பிறகு நம் சண்டைகள்! நான் விட்டுக்கொடுக்கவில்லை, நீங்களும் விடவில்லை. வேதத்தில் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். வேதத்தை யார் பத்திரமாக வைத்திருந்து உங்கள் கையில் கொடுத்தது என்று நான் கேட்பேன். கிருபையால்தான் இரட்சிப்பு என்பீர்கள். பூ வைக்காதே, கம்மல் போடாதே என்று சட்டம் போடுகிற சபை கிருபையைப் பற்றிப் பேசுகிறதா என்பேன். நாங்கள் செபம், நீங்கள் ஜெபம். நாங்கள் மீட்பு, நீங்கள் இரட்சிப்பு. "ஒரே ஆளுக்குத் தந்தி அடிக்கறதுக்கு ரெண்டு போஸ்ட் ஆபீசுங்க" என்று மைமூனம்மா சிரிப்பார்.

ஆனால் கணக்கு டீச்சரை யாராலும் முழுதாக ஏமாற்ற முடியாது. கொஞ்ச நாளிலேயே உங்களுக்கு இன்னொரு பக்கம் தெரிந்துவிட்டது. அறிவு வந்த பிறகு தண்ணீரில் மூழ்கி எடுப்பதுதான் ஞானஸ்நானம், சிறுவயதில் தலையில் தெளித்ததெல்லாம் கணக்கில்லை, அப்படியே இறந்தவர்களுக்கு இரட்சிப்பு இல்லை என்று அந்தச் சபையில் போதித்தார்கள். உங்கள் அம்மா ஜெபமாலையைக் கையில் பிடித்தபடி இறந்தவர். தினமும் பூசைக்குப் போனவர். அவரை நானும் அறிவேன். வீட்டு வாசலில் கூச்சல் போடுகிற பள்ளிக்கூடப் பையன்கள் எவனையாவது வைதுகூட நான் கேட்டதில்லை.

ஒரு சபை அம்மாவை வைத்துக்கொண்டு பிள்ளையைச் சந்தேகத்தில் விட்டது. இன்னொரு சபை பிள்ளையைக் கொடுத்துவிட்டு அம்மாவை எடுத்துக்கொண்டது. இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருக்கிற மாதிரி ஒரு சட்டம் உங்களுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை.

கரடியூருக்குக் கீழே ஓடைத் தண்ணீர் தேங்குகிற இடத்தில் உங்களை மூழ்க வைத்தார்கள். என்னைக் கூப்பிட்டீர்கள். நம் சாமியாருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார் என்று தோன்றியது, ஆனாலும் வந்தேன். மாற்றுச் சேலையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். மைமூனம்மாவும் வந்து பக்கத்தில் நின்றார். "ஏனுங்க டீச்சர், உங்காளுகளுக்கு எத்தன தடவ தண்ணி ஊத்துனாத்தான் பத்தும்?" என்று என் காதில் கேட்டார். சபையார் பாடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

நீங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றீர்கள். கம்மல் கழற்றிய காதுகள் வெறுமையாக இருந்தன. பாஸ்டர் உங்கள் தலையில் கை வைத்தார். அப்போது நீங்கள் கேட்டது கரையில் எல்லோருக்கும் கேட்டது.

"பாஸ்டர், எங்கம்மா எங்க இருக்காங்க?"

பாட்டு நின்றது. அவர் சின்ன வயசு, நல்ல மனுஷர். பொய் சொல்ல அவருக்கும் வரவில்லை. "அதக் கர்த்தர் பாத்துக்குவாருங்க சிஸ்டர். அவரு எரக்கமுள்ளவரு" என்றார்.

நீங்கள் திரும்பிக் கரையில் நின்ற என்னைப் பார்த்தீர்கள். "டீச்சர், ரெண்டு ஊட்டுலயும் ஒரே விடைதான் வருது" என்றீர்கள். எல்லோரும் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறி வந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கண்ணை மூடி மூழ்கினீர்கள்.

சேலையைக் கொடுக்கும்போது, "பின்ன ஏனுங்க முங்குனீங்க?" என்று கேட்டேன். பல் தந்தியடிக்கச் சொன்னீர்கள்: "எங்கம்மாவுக்கு வழி தெரியும் டீச்சர். பெரிய மனுஷி, கேட்டுக் கேட்டுப் போய்ச் சேந்துருவாங்க. அவன் சின்னப் புள்ள."

அதன் பிறகு ஒவ்வொரு கல்லறைத் திருநாளும் எனக்குக் கண்முன்னால் நிற்கிறது. இறந்தவர்களுக்காக மன்றாடுவதும் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் உங்கள் சபையில் கூடாது. சாமி கிடப்பதோ எங்கள் கல்லறையில். நீங்கள் வருவீர்கள், கேட்டுக்கு வெளியே நிற்பீர்கள். நான் உள்ளே போய் அவனுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவேன். மூடுபனிக்குள் அத்தனை வெளிச்சங்களுக்கு அப்பால் உங்கள் வெள்ளைச் சேலை மட்டும் தெரியும். "உள்ள வாங்களேன்" என்று ஒரு தரம் கூப்பிட்டேன். "நான் ஜெபிக்கல டீச்சர். சும்மா நிக்கறேன். நிக்கறதுக்குச் சட்டம் இல்லீங்களே" என்றீர்கள்.

நீங்கள் படுக்கையில் விழுந்தபோது, பிழைக்க மாட்டீர்கள் என்று மைமூனம்மாவையும் சேர்த்து நம் மூன்று பேருக்கும் தெரிந்தது. உங்களுக்கு ஒரே ஆசைதான், சாமிக்குப் பக்கத்தில் கிடக்க வேண்டும். நான் போய்ப் பேசினேன். இப்போதிருக்கிற பங்குச் சாமியார் உங்களுக்கு இடம் தரத் தயாராக இருந்தார். நீங்கள் திருச்சபைக்குத் திரும்பிவிட்டதாக ஒரு வார்த்தை சொல்லி, அவர் கையால் கடைசி நேரத்து எண்ணெய் பூசிக்கொண்டால் போதும் என்றார். பாஸ்டர் வருத்தப்பட்டாரே தவிர தடுக்கவில்லை. எல்லாம் கூடிவந்துவிட்டது என்று மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னேன்.

நீங்கள் தலையை அசைத்தீர்கள். "திரும்பிட்டேன்னு சொன்னா, பாஸ்டர் சொன்னது தப்புன்னு நானே சொன்ன மாதிரி ஆயிருமுங்க. அப்பறம் சாமி மறுபடியும் அந்தச் சந்தேகத்துக்குள்ள போயிருவான். எலும்புக்குப் பக்கத்துல படுக்கறதுக்காக அவன கர்த்தர் மடியிலருந்து எறக்கச் சொல்றீங்களா?"

இந்த முறை எனக்கு உதாரணம் ஒன்றும் வரவில்லை.

அன்றைக்கு மத்தியானம் மைமூனம்மாவைக் கூட்டி வரச் சொன்னீர்கள். வயதாகி முதுகு வளைந்துபோன அவரை ஆட்டோவில் கூட்டி வந்தேன். நீங்கள் கேட்டதைக் கேட்டு அவர் எழுந்தே போய்விடப் பார்த்தார்.

"எனக்கு எதுக்குங்க இந்த வம்பு? அன்னைக்கு ஆளில்லாம செஞ்சேன். நாளைக்கு நானும் அங்க போய் நிக்கோணும். நீ யாரு இவங்களுக்குத் தண்ணி ஊத்தறதுக்குன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

"நாங் கேட்டேன்னு சொல்லுங்க."

"உங்களுக்குத்தான் ரெண்டு தடவ ஆயிருச்சே!"

"அது ரெண்டும் அவுங்கவுங்க குடுத்தது, மைமூனம்மா. சாமிக்குக் குடுத்தது எனக்கு வேணும். அதே கை, அதே வார்த்த. எந்த வார்த்தையும் மாத்தக் கூடாது." மூச்சு வாங்க நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: "எது சரின்னு கண்டுபுடிக்க எனக்கு இனி நேரமில்லீங்க டீச்சர். அது செல்லும்னா எனக்கும் செல்லும். செல்லாதுன்னா எனக்கும் செல்லாது. அவன் எங்க போனானோ அங்கயே போயிக்கறேன்."

இதற்குள் இருக்கிற தவறுகளை என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். ஒருவருக்கு ஒரே திருமுழுக்குதான் என்பது எங்கள் சட்டம். தெளிப்பதே ஞானஸ்நானம் இல்லை என்பது உங்கள் சபையின் போதனை. வார்த்தையோ எந்தச் சபையிலும் இல்லாத வார்த்தை. ஊற்றுகிறவரின் மார்க்கத்தில் இதற்கு இடமே இல்லை. அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் அவரவர் சட்டப்படி அது கூடாத காரியம். நான்தான் எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன்.

மைமூனம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். முதலில் ஏதோ தனக்குள் ஓதிக்கொண்டார். பிறகு, வயசில் அவ்வளவு மூத்தவரில்லை என்றாலும், உங்களைப் பிள்ளையாக வைத்தே சொன்னார்.

"கண்ணு, பிதா, சுதன், பிரிச்சுச் சேர்த்து பேருல உனக்கு ஞானஸ்தானம் குடுக்கறேன்."

தண்ணீர் உங்கள் நரைத்த வகிட்டில் இறங்கித் தலையணையை நனைத்தது. நீங்கள் கண்ணைத் திறக்காமலே, "சாமின்னு சொல்லுங்க" என்றீர்கள். அவர் சாமி என்று மாற்றி இன்னொரு தரம் ஊற்றினார்.

அந்த வாரமே போய்விட்டீர்கள். வெள்ளக்கடை ரோட்டுக்குக் கீழே சபையாரின் இடத்தில், விசுவாசத்தில் நிலைத்திருந்த சகோதரி என்று சொல்லி பாஸ்டர் அடக்கம் செய்தார். நம் சாமியார் என்னிடம் தனியாக, கடைசி நேரத்தில் மனம் மாறினாரா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். பாஸ்டரும், கடைசியில் சமாதானமாகப் போனார்களா என்று கேட்டார். அவரிடம் ஆமாம் என்றேன். இரண்டுமே உண்மைதான்.

போன மாதம் மைமூனம்மாவைப் பார்க்கப் போனேன். மருமகள் டீ கொடுத்தாள். அவருக்கு இப்போது ஞாபகம் தப்பிவிட்டது. என்னைத் தெரிகிறது, உங்களைத் தெரிகிறது. "டீச்சர் வரலீங்களா?" என்று கேட்டார். நான் மெதுவாக, அன்றைக்குச் சொன்னீர்களே ஒரு வார்த்தை என்று ஆரம்பித்தேன். "எந்த வார்த்தைங்க?" என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் போய்விட்டால், பிறகு அது என்னிடம் மட்டும்தான் இருக்கும். வகுப்பில் எந்தப் பிழையையும் சிவப்பு மையில் சுழிக்காமல் விட்டதில்லை நான். இதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. மாலையில் சிலுவை அடையாளம் போடும்போது மூன்றாவது பெயரில் நாக்கு ஒரு கணம் நிற்கிறது. நின்று, சரியானதைச் சொல்கிறேன். சொன்ன பிறகு உங்களுக்குத் துரோகம் செய்த மாதிரி இருக்கிறது.

முட்டி வலியால் கோவிலுக்குப் போக முடியாததால், சாமியாரே வீட்டுக்கு வந்து எனக்கு நன்மை அப்பம் கொடுக்கிறார். என் காலம் முடியும்போதும் வருவார், எண்ணெய் பூசுவார். வேப்பமரத்துக்குக் கொஞ்சம் தள்ளி எனக்கு இடம் இருக்கிறது. என் திருச்சபை சொல்கிற வழியில் நான் சந்தேகமில்லாமல் போய்ச் சேர்வேன் என்று நம்புகிறேன், டீச்சர். முன்பெல்லாம் அந்த நம்பிக்கை ஆறுதலாக இருந்தது. இப்போது அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அங்கே போய், "டீச்சர்" என்று நான் கூப்பிட்டு, யாருமே திரும்பாவிட்டால்?

சாமியாரிடம் கேட்கலாம். என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், கடவுளின் இரக்கம் என்று நாம் இரண்டு தரம் கேட்டதுதான். அந்தப் பதிலில் தப்பில்லை. அதை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் நீங்கள் எப்படிப் பாடம் நடத்தினீர்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

என்னைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். நான் வந்து தேடிக்கொள்கிறேன். இன்றைக்கு ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

அவன் கிடைத்தானா, டீச்சர்?